அடையின் வளைவு

தேனீ வளர்க்க ஆசைப்படுபவர்கள் பெரும்பாலும் ஒரு பெட்டிக்கு எத்தனை கிலோ தேன் கிடைக்கும் என்று கேட்கிறார்கள். அடுத்து, கொட்டுமா என்று கேட்கிறார்கள். முட்டையை எப்படிப் பார்ப்பது என்று கேட்பவர் அபூர்வம். அப்படிக் கேட்கிறவர் கையில் பெட்டியைத் தயங்காமல் கொடுக்கலாம். பெட்டியில் புழு வளரும் அறையின் நடுவில் அடையோடு தொங்கும் ஒரு சட்டத்தை எடுத்து, வெயிலை முதுகில் வாங்கியபடி, அதன் இரண்டு பக்கத்தையும் நிதானமாகப் பார்க்கத் தெரிந்தவர் இந்தக் கலையில் முக்கால் பங்கு தேறிவிட்டார் என்பது என் முடிவு. தேன், மெழுகு, சர்க்கரைப் பாகு, விற்பனை எல்லாம் மீதிக் கால் பங்கில் அடங்கும்.

இந்தியத் தேனீயை மனதில் வைத்துத்தான் இதைச் சொல்கிறேன். குமரி மாவட்டத்தில் மார்த்தாண்டம், குழித்துறை, அருமனைப் பக்கங்களில் வீட்டு முற்றத்தில், பலா மரத்தடியில், ஒற்றைக் கால் மேல் நிற்குமே, அந்தச் சின்னப் பெட்டியை மனதில் வைத்து. இத்தாலியத் தேனீ வளர்க்கும் பெரிய பெட்டிக்காரர்களோடு எனக்குச் சண்டை இல்லை. ஆனால் தொடங்குகிறவருக்குச் சின்னப் பெட்டிதான் பள்ளிக்கூடம் என்பதில் எனக்குத் துளியும் சந்தேகம் கிடையாது.

அந்தச் சட்டத்தின் அளவைப் பாருங்கள். எட்டு அங்குலத்துக்குச் சற்றே கூடுதலான நீளம், ஆறு அங்குலத்துக்கும் குறைந்த உயரம். இரண்டு உள்ளங்கைகளை அருகருகே விரித்தால் மறைந்துவிடும். ஒரு பார்வையில் முழுவதும் கண்ணுக்குள் வந்துவிடும். அடை நிறையத் தேனீயும் புழுவுமாக இருந்தாலும் புதிய கை நடுங்காமல் தூக்கக்கூடிய எடை. இந்த அளவு தற்செயலாக வந்ததில்லை. 1851இல் அமெரிக்காவில் லாங்ஸ்ட்ராத் கண்டுகொண்ட இடைவெளி விதியை நம் ஊர்த் தேனீயின் உடம்புக்கு ஏற்பக் குறுக்கி, திருச்சியில் இருந்த பாதிரியார் நியூட்டன் 1910களில் அமைத்த பெட்டி இது. அவருக்கு முன்னால் 1880களில் வங்காளத்திலும் பஞ்சாபிலும் வெள்ளைக்காரர்கள் முயன்று பார்த்தார்கள்; நிலைக்கவில்லை. நியூட்டன் செய்தது எளிமையான காரியம். தேனீயைப் பெட்டிக்கு ஏற்ப மாற்றப் பார்க்காமல் பெட்டியைத் தேனீக்கு ஏற்ப மாற்றினார். பெட்டியோடு நிற்காமல் தென்னாட்டுக் கிராமத்து மக்களைக் கூட்டிப் பயிற்சியும் கொடுத்தார். 1920களில் மார்த்தாண்டத்தில் ஸ்பென்சர் ஹேட்ச் நடத்திய ஒய்.எம்.சி.ஏ. கிராமப் புனரமைப்பு மையம், அன்றைய திருவிதாங்கூர் மண்ணில் தேன்பெட்டியை வீட்டுத் தொழிலாக ஊன்றியது. இன்றைக்கு மார்த்தாண்டம் பெட்டி என்று நாம் சொல்வது இந்த வம்சத்தில் வந்ததுதான்.

பெட்டி வாங்கப் போகிறவர்கள் மூடியின் பளபளப்பையும் பெயின்டின் நிறத்தையும் பார்க்கிறார்கள். பார்க்க வேண்டியது சட்டத்துக்கும் பக்கப் பலகைக்கும் நடுவே விட்டிருக்கும் இடைவெளியை. நம் தேனீக்கு அது ஏறக்குறைய எட்டு மில்லிமீட்டர். அதைவிடக் குறைந்தால் தேனீ நுழைய முடியாமல் அடைத்துவிடும். கூடினால் அங்கே குறுக்கு அடை கட்டி, சட்டத்தைப் பலகையோடு சேர்த்துப் பிணைத்துவிடும். அப்படிப் பிணைந்த சட்டத்தை முதல் தடவை பெட்டியைத் திறக்கும் ஆள் பலவந்தமாக இழுப்பார், அடை கிழியும், புழு நசுங்கும், கூட்டமே சீறும். அவர் அன்றோடு தேனீக்கு முழுக்குப் போட்டுவிடுவார். பழி தேனீயின் மேல் விழும். குற்றம் தச்சர் விட்ட இடைவெளியில் இருக்கும். அடையின் நடுவிலிருந்து பக்கத்து அடையின் நடுவரைக்கும் முப்பத்தோரு மில்லிமீட்டர் அளவில் நிற்க வேண்டும். ஒரு ஸ்கேலைக் கையோடு கொண்டுபோய் அளந்து பார்த்து வாங்குவதில் கூச்சப்பட எதுவும் இல்லை.

மரம் தேக்கோ அயினியோ, நன்றாக உலர்ந்ததாக, நாற்றமில்லாததாக இருந்தால் போதும். மரத்தைப் பற்றிப் பெருமை பேசுகிற பலர் இடைவெளியைப் பற்றிப் பேசுவதில்லை. முன்பு குமரி மாவட்டத்துத் தச்சர்கள் ஒரே அச்சில் வார்த்தது மாதிரி வெட்டினார்கள். ஒருவர் செய்த சட்டம் இன்னொருவர் பெட்டியில் வழுக்கிக்கொண்டு இறங்கும். இப்போது ஒரே கடையில் வாங்கிய இரண்டு பெட்டியின் சட்டங்கள் ஒன்றுக்கொன்று பொருந்துவதில்லை. மானிய விலைக்குக் கொடுப்பதற்காக ஆயிரக்கணக்கில் அடித்துத் தள்ளிய பெட்டிகளில் இந்த அலட்சியம் அதிகம். கூட்டம் பிரிக்கும்போது ஒரு பெட்டியின் புழு அடையை இன்னொன்றுக்கு மாற்ற முடியாவிட்டால் பெட்டி எதற்கு?

இனி அந்தச் சட்டத்தை எடுக்கும் விதம்.

குழித்துறைப் பக்கம் ஒரு பெரியவர் இருந்தார். எல்லாரும் பாட்டா என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் சட்டம் எடுப்பதைப் பார்ப்பதற்காகவே நான் அங்கே போவதுண்டு. நாதஸ்வரம் கேட்கத் தொலைதூரத்துக் கோயில் திருவிழாவுக்குப் போகிறவர்களின் மனநிலை எனக்குப் புரிந்தது அவரிடம்தான். பெட்டியின் பின்பக்கமோ பக்கவாட்டிலோதான் நிற்பார். வாசலின் குறுக்கே ஒருநாளும் நிற்க மாட்டார். தேங்காய் நார் புகையை இரண்டு மூச்சு மட்டும் மூடியின் கீழே விடுவார், அதற்குமேல் புகைப்பானைத் தொட மாட்டார். முதலில் ஓரச் சட்டத்தை எடுத்துப் பக்கத்தில் சாய்த்து வைப்பார். அந்தக் காலியிடம் கிடைத்த பிறகுதான் நடுச் சட்டங்கள் உரசாமல் வெளியே வரும். அவசரக்காரர்கள் நேராக நடுச் சட்டத்தைப் பிடுங்குவார்கள். ராணி நசுங்குவது பெரும்பாலும் அப்போதுதான்.

இரண்டு கட்டை விரலும் மேல் சட்டத்தின் இரு காதிலும் பதியும். சட்டம் செங்குத்தாக மேலே வரும், பெட்டிக்கு நேர் மேலேயே நிற்கும். ராணி தவறி விழுந்தாலும் வீட்டுக்குள்ளேயே விழட்டும் என்பது கணக்கு. ஒரு பக்கம் பார்த்து முடிந்ததும் மறுபக்கத்தைப் பார்க்கப் புத்தகத்தைப் போல் படுக்கப் புரட்டக் கூடாது. இளம் அடை வெயிலில் இளகியிருக்கும். சட்டத்தைக் கிடையாகச் சாய்த்தால் தேனின் எடை தாங்காமல் அடை மடங்கி விழும். பாட்டா ஒரு காதை மேலே உயர்த்துவார், மேல் சட்டம் செங்குத்தாகும். அந்த நிலையில் அதையே அச்சாக வைத்து அரை வட்டம் சுற்றுவார். பிறகு உயர்த்திய கையைத் தாழ்த்துவார். மறுபக்கம் முகத்துக்கு நேரே வந்திருக்கும், அடை ஒரு கணமும் கிடையாகப் படுத்திருக்காது. மூன்றே அசைவு. தேனீக்கள் அடையின் மேல் நடந்துகொண்டே இருக்கும். தங்களை யாரோ திருப்பியதே அவற்றுக்குத் தெரியாது. இந்த மூன்று அசைவை வெறும் சட்டத்தை வைத்து வீட்டில் பழகச் சொல்வார் பாட்டா. தொடங்குகிறவர்களுக்கு நானும் இதைத்தான் சொல்கிறேன். பெட்டி வருவதற்கு முன்பே கை பழகியிருக்க வேண்டும்.

கையுறை பற்றி ஒரு வார்த்தை. கடையில் விற்கும் கனத்த தோல் கையுறையைப் போட்டுக்கொண்டு இந்தச் சட்டத்தைத் தூக்கினால் விரலுக்கு அடியில் தேனீ இருப்பது தெரியாது. நசுங்கிய தேனீயின் வாசம் மற்றவற்றைக் கிளப்பிவிடும். முகத்துக்கு வலை போதும், கை வெறுமையாக இருக்கட்டும் என்பது என் கட்சி. தேனீ கொட்டினால் உடம்பெல்லாம் தடிப்பதும் மூச்சுத் திணறுவதும் உள்ளவர்கள் மட்டும் இந்தக் கலையை வேலிக்கு வெளியிலிருந்து ரசிக்கட்டும். அதில் வீரம் காட்டக் கூடாது.

“மக்ளே, கண்ணு முதல்ல ராணியைத் தேடும். தேட விடாதே. முட்டையைப் பாரு” என்பார் பாட்டா.

ராணியைக் கண்டுபிடிப்பதைப் பெரிய சாமர்த்தியமாக நினைப்பவர்கள் உண்டு. அதைப் படம் எடுத்து எல்லாருக்கும் காட்டுவார்கள். ராணி எங்கே இருக்கிறாள் என்பது ஒரு செய்தியே இல்லை. அவள் கடந்த மூன்று நாளில் என்ன செய்திருக்கிறாள் என்பதுதான் செய்தி. அது அடையின் சிறு அறைகளின் அடியில் எழுதியிருக்கிறது. சூரியன் நம் தோளுக்குப் பின்னால் இருக்க, சட்டத்தைச் சற்றுச் சாய்த்துப் பிடித்தால் வெளிச்சம் அறுகோணத்தின் ஆழம்வரை இறங்கும். அங்கே மிக மெல்லிய சேமியாவை ஒடித்துக் குத்தி நிறுத்திய மாதிரி ஒரு வெண்மை. செங்குத்தாக நின்றால் இன்று இட்டது. சாய்ந்திருந்தால் நேற்றையது. அடியில் படுத்துவிட்டால் மூன்றாம் நாள், நாளைக்குள் புழு. புதியவர் ஒருவர் முதன்முதலில் முட்டையைக் கண்ட நேரத்தில் பக்கத்தில் நின்றிருந்தால் அவர் முகத்தைப் பார்த்திருப்பீர்கள். அதுவரை அவர் பெட்டியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் கணம் முதல் கூட்டத்தைப் பார்க்கிறார்.

ஓர் அறைக்கு ஒரு முட்டை, அடியின் நடுவில். அப்படி இருந்தால் ராணி நலம். ஒரே அறையில் இரண்டு, மூன்று முட்டைகள், சில பக்கச் சுவரில் ஒட்டியபடி இருந்தால் ராணி போய்ச் சேர்ந்துவிட்டாள், வேலைக்காரிகள் முட்டையிடத் தொடங்கிவிட்டார்கள். நம் தேனீயில் இது மிகச் சீக்கிரம் நடக்கும். அந்தக் கூட்டத்தை வேறொரு கூட்டத்தோடு சேர்ப்பதே மேல்.

பிறகு அந்த வளைவு. நல்ல ராணி அடையின் நடுவிலிருந்து வட்டமாக விரித்துக்கொண்டே போவாள். நடுவில் மூடிய புழு, சற்றே மேடிட்ட பழுப்பு மூடி. அதைச் சுற்றி மூடாத புழு. அதற்கு வெளியே முட்டை. அதற்கும் மேலே மகரந்தம் ஒரு பட்டையாக, தென்னையின் வெளிர் மஞ்சள், வேறு பூக்களின் ஆரஞ்சு, சாம்பல், ஒவ்வோர் அறையும் ஒரு நிறம். மேல் ஓரத்தில் தேன், வெளுத்த மூடியோடு. இந்த வளைவுகள் ஒன்றோடொன்று இடிக்காமல் அமைந்த ஒரு சட்டத்தைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்பதைவிட அழகான ஐந்து நிமிடங்கள் எனக்குத் தெரியாது. தேன் வழியும் அடையைப் படம் போட்டு விற்கிறார்கள். புழு அடையின் படத்தை யாரும் விளம்பரத்தில் போடுவதில்லை. பார்வையாளர்கள் முகம் சுளிப்பார்களாம். எனக்குத் தேன் அடை முடிந்துபோன காரியம். புழு அடையில்தான் நாளை இருக்கிறது.

மூடிய புழுவின் நடுவே அங்கங்கே ஓட்டையாகக் காலி அறைகள் தெரிந்தால் ராணிக்கு வயதாகியிருக்கலாம், அல்லது நோய். இன்னும் கூர்ந்து பார்க்க வேண்டியது ஆண் தேனீ அறைகளை. நம் இந்தியத் தேனீயின் ஆண் அறை மூடி கூம்பாக எழும்பி நிற்கும், அதன் உச்சியில் ஊசி குத்தியது போன்ற ஒரு துளை இருக்கும். இத்தாலியத் தேனீக்கு அது கிடையாது. இந்தத் துளையைக் காட்டி, ஏதோ பூச்சி அரித்துவிட்டது என்று பயந்துபோய் வருகிற புதியவர்கள் உண்டு. பயம் வேண்டாம். ஆண் அறைகள் பெருகுவது கூட்டம் செழித்திருக்கிறது, பிரியப் பார்க்கிறது என்பதன் முன்னறிவிப்பு. அடுத்து அடையின் கீழ் ஓரத்தில் ராணி அறைகள் தொங்கத் தொடங்கும். ஓரத்தில் தொங்கினால் பிரிவதற்கு. அடையின் நடுமுகத்தில் ஒன்றிரண்டு அவசரமாக முளைத்திருந்தால் ராணி திடீரென்று போய்விட்டாள். ஒரே சட்டம் இவ்வளவும் சொல்கிறது. கேட்கத்தான் ஆள் வேண்டும்.

இத்தாலியத் தேனீ அன்பர்கள் இந்த இடத்தில் குறுக்கிடுவார்கள். எங்கள் பெட்டியில் முப்பது கிலோவுக்குக் குறையாது, உங்கள் பெட்டியில் பத்து கிலோ வந்தால் பெரிது, ஓடிப்போகிற குணம் வேறு என்பார்கள். உண்மைதான். 1962இல் நக்ரோட்டா பக்வானில் பேராசிரியர் அத்வால் அந்தத் தேனீயை இந்தியாவில் காலூன்ற வைத்ததன் பலனை வடநாட்டுக் கடுகு வயல்கள் அனுபவிக்கின்றன. பெரிய சூரியகாந்தி வயல், லாரி, பருவத்துக்குப் பருவம் பெட்டியை ஏற்றிப் போகும் முதலீடு உள்ளவர்களுக்கு அது சரியான தேனீ. ஆனால் முற்றத்தில் இரண்டு பெட்டி வைத்துப் பழக வந்தவருக்கு? வரோவா உண்ணிக்கு நம் தேனீ தலைமுறை தலைமுறையாகப் பழகியது. ஒன்றையொன்று சுத்தம் செய்து தட்டிவிடும். இத்தாலியக் கூட்டத்தில் அதற்கு மருந்து வைத்துக்கொண்டே இருக்க வேண்டும். நம் தேனீ பிசின் பூசாது, அதனால் சட்டம் நெம்புகோல் இல்லாமல் கையோடு வரும். பழைய அடையைத் தானே கடித்துக் கழித்துப் புதிது கட்டும். வாசலில் நின்று விசிறும் அழகே வேறு: நம் தேனீ தலையை வெளியே பார்த்து வைத்துக்கொண்டு காற்றை உள்ளே தள்ளும், இத்தாலியத் தேனீ தலையை உள்பக்கம் வைத்துக் காற்றை வெளியே இழுக்கும். மாலை வெயிலில் வாசற்பலகையில் வரிசையாக, முகம் நம்மைப் பார்த்தபடி விசிறுகிற கூட்டத்தைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு மற்றது ஏதோ முதுகு காட்டி உட்கார்ந்திருப்பது மாதிரிதான் படும். ஓடிப்போகிற குணத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பட்டினி, எறும்பு, மெழுகு அந்து, அடிக்கடி திறந்து தொந்தரவு செய்யும் ஆள் என்று ஓடுவதற்கான காரணம் பெரும்பாலும் பெட்டியிலேயே இருக்கும். சட்டத்தைப் படிக்கத் தெரிந்தவர் ஓடுவதற்கு முன்பே அறிவார்: முட்டை குறையும், மகரந்தப் பட்டை மறையும், தேன் கரையும்.

எப்போது தொடங்குவது என்று கேட்பார்கள். குமரிக் கணக்குப்படி சொன்னால், தென்மேற்குப் பருவமழை ஓய்ந்து, கூட்டங்கள் தேறி, பிரிக்கும் காலமான ஐப்பசி, கார்த்திகைதான் வாங்க ஏற்றது. தை பிறந்ததும் ரப்பர் தோட்டங்களில் இலை உதிர்ந்து புதுத் தளிர் விடும். மூன்று இலைகள் சேரும் காம்பின் நுனியில் உள்ள சுரப்பிகளில் மதுரம் ஊறும், தளிர் முற்றும்வரை. ரப்பர் தேன் பூவிலிருந்து வருவதில்லை, இலையிலிருந்து வருகிறது என்பதைத் தெரிந்துகொண்டால் பங்குனிவரை பெட்டி கொள்ளாத தேன் எப்படி வந்தது என்பது விளங்கும். வாங்கும்போது விற்பவரை உங்கள் முன்னால் பெட்டியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். நான்கு சட்டமாவது தேனீ மூடியிருக்க வேண்டும், எல்லா வயது புழுவும் இருக்க வேண்டும், முட்டை இருக்க வேண்டும். திறந்து காட்டத் தயங்குபவரிடம் வாங்க வேண்டாம். ஒன்று வாங்காமல் இரண்டாக வாங்குங்கள். ஒன்றை ஒன்றோடு ஒப்பிட்டுத்தான் கண் தேறும். ஒன்றில் ராணி போனால் மற்றதிலிருந்து முட்டையுள்ள ஒரு சட்டத்தைக் கொடுத்து அதைக் காப்பாற்றலாம். இளம் புழு கிடைத்தால் அவை புதிய ராணியை வளர்த்துக்கொள்ளும். ஏறக்குறைய ஒரு மாதத்தில் புது ராணியின் முட்டை கண்ணில் பட வேண்டும்.

காலை வெயிலும் மதிய நிழலும் உள்ள இடம். எறும்பு ஏறாதபடி தாங்கியின் காலைச் சுற்றித் தண்ணீர். அருகில் மருந்தடிக்கும் தோட்டம் இருந்தால் அந்தக் காலத்தைக் கேட்டு வைத்துக்கொள்வது. ஆனி முதல் ஆவணிவரை மழையில் பூ கிடைக்காத நாட்களில் சம அளவு தண்ணீரும் சர்க்கரையும் கலந்த பாகு, அதுவும் மாலையில், பெட்டிக்கு உள்ளே. வெளியே சிந்தினால் பக்கத்துக் கூட்டம் கொள்ளைக்கு வரும். இவ்வளவுதான் பராமரிப்பு. பத்து நாளுக்கு ஒருமுறை திறந்தால் போதும்.

நோயைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. 1991, 92 வாக்கில் தாய்லாந்து சாக்புரூட் என்னும் புழு நோய் தென்னாட்டுக்குள் வந்து கேரளத்திலும் குமரியிலும் பெரும்பான்மையான கூட்டங்களைத் துடைத்துப்போட்டது. வரிசையாகப் பெட்டிகள் நின்ற தோட்டங்களில் வெறும் தாங்கிகள் நின்றன. பலர் பெட்டியை விறகாக்கினார்கள். பாட்டாவைப் போன்ற சிலர் மட்டும் சட்டம் சட்டமாகப் பார்த்து, எந்தக் கூட்டத்தில் புழு சாகாமல் நிற்கிறதோ அதை மட்டும் பிரித்துப் பிரித்துப் பெருக்கினார்கள். இன்று நம் முற்றத்தில் இருக்கும் தேனீக்கு நாம் அவர்கள் கண்ணுக்குத்தான் கடன்பட்டிருக்கிறோம். மூடுவதற்கு முந்தைய நிலையில் புழு மல்லாந்து, தலை தூக்கி, படகு போல வளைந்து செத்துக் கிடந்தால், ஊசியால் எடுக்கும்போது நீர் நிறைந்த பையாக வந்தால், அது அந்த நோய். அந்தச் சட்டத்தை வேறு பெட்டிக்கு மாற்றவே கூடாது. இதைத் தெரிந்துகொள்ள ஆய்வுக்கூடம் வேண்டாம். நல்ல புழு எப்படி இருக்கும் என்று கண் பழகியிருந்தால் போதும்.

கண் பழகுவதைப் பற்றி இவ்வளவு வலியுறுத்துவதற்குக் காரணம், அது இப்போது அருகிவருகிறது. ஒரு நாள் பயிற்சி முகாம்கள் பெருகியிருக்கின்றன. காலையில் உரை, மதியம் சாப்பாடு, மாலையில் சான்றிதழ். நடுவில் ஒரு பெட்டியைத் திறந்து ஐம்பது பேர் சுற்றி நின்று எட்டிப் பார்ப்பார்கள். சட்டத்தைக் கையில் வாங்கியவர் இரண்டு பேர் இருந்தால் அதிகம். பெட்டியை வீட்டுக்குக் கொண்டுபோன பிறகு கேட்க ஆளில்லை. முன்பு பெட்டி வைத்திருந்த வீட்டுக்குப் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் வேடிக்கை பார்த்தே கற்றுக்கொண்டார்கள். குமரியில் பல வீடுகளில் பெட்டியைப் பார்த்துக்கொண்டவர்கள் பெண்கள். சமையலுக்கு நடுவே முற்றத்தில் இறங்கி வாசலில் மகரந்தம் வருகிறதா என்று ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போவார்கள். காலில் மகரந்தத்தோடு தேனீ உள்ளே போனால் உள்ளே புழு இருக்கிறது, பெட்டியைத் திறக்க வேண்டியதில்லை. இந்த வாசல் பார்வையை எந்த முகாமும் சொல்லிக்கொடுப்பதில்லை.

தேன் எடுப்பதிலும் தரம் இறங்கிவிட்டது. தேன் அறையில் உள்ள அடைகளை மட்டும், அதிலும் முக்கால் பங்காவது மூடிய பிறகு, எடுப்பதுதான் முறை. மூடாத தேனில் நீர் அதிகம். நூற்றுக்கு இருபது பங்கைத் தாண்டினால் புளித்துவிடும். ரப்பர் தேன் இயல்பிலேயே நீர்த்தது. அதில் இன்னும் பொறுமை வேண்டும். வாரம் ஒருமுறை எடுக்கலாம் என்ற பேராசையில் மூடும் முன்பே சுழற்றி எடுத்து, பிறகு அடுப்பில் காய்ச்சிச் சரிசெய்கிறார்கள். வாசம் ஆவியாகிவிடுகிறது, நிறம் கறுக்கிறது. 1865இல் ஹ்ருஷ்கா தேன் எடுக்கும் இயந்திரத்தைக் கண்டுபிடித்ததே அடையைச் சிதைக்காமல் திருப்பிக் கொடுப்பதற்காக. கையில் அந்த இயந்திரம் இருந்தும் புழு அறைச் சட்டத்தையும் சேர்த்துச் சுழற்றுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். புழு தேனில் மிதக்கும். அதற்குப் பொந்தில் கைவிட்டுப் பிழிந்த பழங்காலமே மேல். அவர்களாவது வேறு வழி தெரியாமல் செய்தார்கள்.

மலைத்தேன் பிரியர்களோடு எனக்குச் சின்ன வழக்கு ஒன்று உண்டு. மலைத்தேனின் கருமையும் காரமும் எனக்கும் பிடிக்கும். ஆனால் ரப்பர் தேனைக் கலப்படம் என்று ஒதுக்குவது அநியாயம். அது வெளிறியது, சீக்கிரம் கட்டியாகும். கட்டியாவது அதன் குணம். சர்க்கரை கலந்ததால்தான் உறைகிறது என்று நம்பி பாட்டிலைத் திருப்பிக் கொடுப்பவர்கள் இன்றும் உண்டு. தண்ணீரில் விட்டுப் பார்ப்பது, தீக்குச்சியில் தடவிக் கொளுத்துவது போன்ற சோதனைகளுக்கும் தேனின் தூய்மைக்கும் சம்பந்தம் இல்லை. ரப்பர் தேனின் முதல் எடுப்பை, அடையில் மூடி முதிர்ந்ததை, காய்ச்சாமல் வடிகட்டி ஒருமுறை ருசித்துப் பாருங்கள். பின்னால் வரும் தேன்களைவிட அது மென்மையானது. நாக்கில் தங்காமல் தொண்டையில் தங்கும்.

2023இல் மார்த்தாண்டம் தேனுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. நியாயமாக வந்த பெருமை. அந்தக் குறியீடு பாட்டிலில் ஒட்டுவதற்கு மட்டும் பயன்படாமல், பெட்டியின் இடைவெளிக்கும், மூடிய அடையை மட்டும் எடுக்கும் ஒழுக்கத்துக்கும் காவலாக இருக்க வேண்டும் என்பது என் ஆசை. தச்சர்களுக்கு ஒரே அச்சைக் கொடுத்து, அதில் வெட்டிய பெட்டிக்கு மட்டும் மானியம் என்று வைத்தாலே பாதிக் குறை தீரும்.

தொடங்கப் போகிறவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் இருக்கிறது. வரும் ஐப்பசியில் இரண்டு பெட்டி வாங்குங்கள். முதல் ஆண்டு தேன் அறையில் வருவது வரட்டும், கணக்குப் பார்க்க வேண்டாம். பத்து நாளுக்கு ஒருமுறை காலை ஒன்பது, பத்து மணிக்குத் திறந்து, நடுச் சட்டத்தை எடுத்து, முட்டை எந்த நிலையில் இருக்கிறது, புழு எவ்வளவு, மகரந்தம் எத்தனை விரல் அகலம், தேன் எவ்வளவு என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். பக்கத்தில் பழைய ஆள் யாராவது இருந்தால் அந்த நோட்டை அவரிடம் காட்டுங்கள். பழைய ஆட்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள்; அவர்கள் இருக்கும்போதே போய்க் கேட்டுக்கொள்ளுங்கள்.